மறுபடியும் முதல் பாடம்

ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறங்களை ஆங்கிலத்தில் எத்தனை முறைதான் சொல்லிக்கொடுப்பார்கள்? நேபாளத்தின் நுவாகோட் மாவட்டத்தில், தாமாங் மக்கள் வாழும் மலைக்கிராமத்துப் பள்ளி ஒன்றில் இருந்தபோது இந்தக் கேள்வியை நான் கேட்காத ஆளில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டேன். தன்னார்வலர்களை அனுப்பிவைக்கும் காட்மாண்டு அலுவலகத்துக்காரரிடம் கேட்டேன். வந்து இறங்கிய இளைஞர்களிடமே கேட்டேன். எல்லாரும் நியாயம்தான் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை (அப்போது அங்கே பள்ளி வாரம் ஞாயிறன்று தொடங்கியது, சனிக்கிழமைதான் விடுமுறை) புதிதாக வந்த ஒரு பெண் கரும்பலகையில் வானவில் வரைந்துகொண்டிருந்தாள்.

நான் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். 1950ஆம் ஆண்டு இந்திய-நேபாள ஒப்பந்தம் இருப்பதால் இந்தியருக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. உடம்பிலும் தெம்பு இருந்தது. தசைன், திஹார் பண்டிகை விடுமுறைகள் முடிந்து பள்ளி திறந்தபோது போய், சைத்ர மாத (மார்ச்-ஏப்ரல்) ஆண்டுத் தேர்வு வரை ஒரு வீட்டில் தங்கிப் பாடம் நடத்தினேன். எனக்கு முன்னும் என் கூடவும் வாலண்டியர்கள் வந்து போனபடி இருந்தார்கள். டென்மார்க், ஆஸ்திரேலியா, கனடா என்று பல நாட்டவர்கள். பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகுமுன் கொஞ்சம் உலகம் பார்க்கப் புறப்பட்டவர்கள். தங்குவது இரண்டு வாரம், மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். ஒருவரும் கெட்ட பிள்ளை இல்லை. சளி பிடித்த குழந்தையின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்ட பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். என் ஆதங்கம் அவர்கள் மனசைப் பற்றியது அல்ல. அவர்களை இப்படி வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கிற ஏற்பாட்டைப் பற்றியது.

ஆறாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் ஒரு சிறுமியின் ஆங்கில நோட்டை வீட்டுக்கு எடுத்துவந்து பொறுமையாகப் புரட்டினேன். முதல் பக்கத்தில் ஒரு மனித உருவம். கண், காது, மூக்கு என்று அம்புக்குறி போட்டுப் பெயர்கள். அடுத்து நிறங்கள். அதற்கடுத்து வீட்டு விலங்குகள். பிறகு தேதி மாறுகிறது, திருத்திய பேனாவின் மை மாறுகிறது. மறுபடியும் மனித உருவம், கண், காது, மூக்கு. மறுபடியும் நிறங்கள். இடையில் ஒருவர் பழங்களை நடத்தியிருக்கிறார். அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்திராத ஸ்ட்ராபெர்ரியும் ப்ளூபெர்ரியும் அதில் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு காய்க்கிற கொய்யா இல்லை. நோட்டு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ‘நேற்று ஆட்டுக்குப் புல் அறுத்தேன்’ என்கிற அளவில்கூட, இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம் அதில் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நட்சத்திர ஸ்டிக்கர் மட்டும் தவறாமல் ஒட்டியிருக்கிறது.

வகுப்பில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். வந்தவர் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்கிறது. மஞ்சளைக் காட்டுகிறார், அதற்கும் பதில் தயார். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடுகிறது. ஒரே நாளில் இவ்வளவு கற்றுக்கொண்டார்களே என்று நம்புகிறார், அன்று இரவே ஊருக்குப் போன் பண்ணிச் சொல்கிறார். பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலேயே முடித்த பாடம் அது. ‘இது எங்களுக்குத் தெரியும் மிஸ்’ என்று அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். விருந்தாளியின் முகம் வாடக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள். நான் உள்ளே போய், நேற்று என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால், அதே பிள்ளைகள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நம் ஊரில் ஓர் ஆசிரியை மாற்றலாகிப் போனால் பாடக் குறிப்பேடு மேசைமேல் இருக்கும். எந்தப் பாடம் வரை நடந்தது, எது பாக்கி என்று அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளியில் வெளிநாட்டார் எடுத்த வகுப்புகளுக்கு அப்படி ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. விருந்தினர் கையெழுத்துப் போடும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் பெயர், நாடு, மலையின் அழகு, பிள்ளைகளின் சிரிப்பு எல்லாம் இருக்கின்றன. எந்த வகுப்புக்கு என்ன நடத்தினோம் என்று ஒருவரும் எழுதவில்லை, எழுதச் சொன்னவரும் இல்லை. நான் கடைவீதியில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். தேதி, வகுப்பு, நடத்திய பாடம், அடுத்து நடத்த வேண்டியது என்று நான்கு கட்டம் போட்டு ஆசிரியர் அறையில் வைத்தேன். இது என்ன பெரிய வேலை? வகுப்பு முடிந்ததும் இரண்டு நிமிடம். நான் பக்கத்தில் நின்று கேட்டால் எழுதினார்கள், கேட்காத நாளில் கட்டம் காலியாகவே கிடந்தது. ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வரவே இல்லை.

கிளம்பும் வாரம் என்றால் பிரிவு விழா உண்டு. சயபத்ரி என்கிற செண்டுமல்லி மாலை, கழுத்தில் காதா துண்டு, தலைமையாசிரியர் பேச்சு, பிள்ளைகளின் நடனம். வந்தபோதும் இதே மாதிரி ஒரு விழா நடந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போகிறது, ஒத்திகைக்குத் தனியாகப் பீரியடுகள் போகின்றன. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் அழுகிறார்கள். மடியில் உட்காரவைத்துக் கொஞ்சியவர் திடீரென்று இல்லை; அடுத்த வாரம் வேறொருவர் மடி. பெரிய பிள்ளைகள் அழுவதில்லை. அவர்கள் புதிதாக வருகிறவரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்வதில்லை.

ஆள் அனுப்புகிற காலத்தையாவது பள்ளி நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. இமயமலையில் நடக்க வானம் தெளிவாக இருப்பது அக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும். கூட்டம் வருவதும் அப்போதுதான். அக்டோபரை ஒட்டித்தான் தசைனும் திஹாரும் வருகின்றன. பள்ளி பூட்டிக் கிடக்கும். மார்ச் நடுவில் தொடங்கும் சைத்ரம் ஆண்டுத் தேர்வு மாதம். ஏப்ரல் நடுவில் பைசாக் பிறந்தால் புதுக் கல்வியாண்டு, சேர்க்கை, புத்தகம் வந்து சேரவில்லையே என்ற கவலை. ஐரோப்பியருக்குக் கோடை விடுமுறையான ஜூலை, ஆகஸ்டில் இங்கே அடைமழை, பாதையெல்லாம் மண்சரிவு. பல மலைப் பள்ளிகள் அப்போதுதான் நீண்ட விடுமுறை விடுகின்றன. குளிர்கால மங்சீர், பௌஷ் மாதங்களில் பாடம் தடையில்லாமல் ஓடும். அப்போது கூட்டம் குறைந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. சுற்றுலா விசாவில் வருகிறவர் சம்பளம் வாங்கியோ வாங்காமலோ வேலை செய்யக்கூடாது என்பது நேபாளக் குடிவரவுத் துறையின் விதி. அதையும் அந்த இளைஞர்களில் பலருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

நான் தங்கிய வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் என்னைத் தீதி என்பாள். என்னைவிட இளையவள், அதனால் நான் பஹினி என்பேன். கணவர் மலேசியாவில் தொழிற்சாலை வேலை. வயதான மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு எருமை, ஆடுகள், படிக்கட்டு மாதிரி இறங்கும் சோளக்கொல்லை. 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் பழைய கல்வீடு தரைமட்டமாகி, பிறகு கட்டிய தகரக் கூரை வீடு. விடியுமுன் எழுந்து குழாயடியில் வரிசை, எருமைக்குத் தீனி, விறகடுப்பு. அங்கே பள்ளி பத்து மணிக்கு என்பதால் காலை ஒன்பது மணிக்கே சோறும் பருப்பும் கீரையும் அச்சாரும் தயாராகிவிட வேண்டும். வாலண்டியர் இருந்தால் வேலை இரண்டு மடங்கு. அவர்களுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும். மிளகாய் இல்லாமல் தனிக் கறி. விறகுப் புகை கண்ணைக் கரிக்கும் என்பதால் அவர்கள் தேநீருக்கு மட்டும் கேஸ். சிலிண்டரைக் கீழே மோட்டார் சாலையிலிருந்து ஆள் வைத்துத்தான் தூக்கி வர வேண்டும். நல்ல அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சோளம் காயப்போடும் மேல்தட்டில் பிள்ளைகளோடு படுத்துக்கொள்வாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள்.

இதற்கு அவளுக்கு என்ன கிடைக்கிறது? வெளிநாட்டு ஏஜென்சி ஒரு கட்டணம் வாங்குகிறது. அதிலிருந்து காட்மாண்டு அலுவலகத்துக்கு ஒரு பங்கு, பிறகு கிராமத்து ஒருங்கிணைப்பாளருக்கு. கடைசியில் இவள் கைக்கு வருவது அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை வாங்கினால் சரியாகப் போகிற தொகை. அவள் உழைப்புக்கு அதில் இடமே இல்லை. ஒருமுறை மூன்று பேர் வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கடையில் கடன் சொல்லி அரிசியும் முட்டையும் வாங்கி, போர்வைகளைத் துவைத்துக் காயவைத்தாள். மூவரும் வரவில்லை. திட்டம் மாறிவிட்டதாம், பொக்காராவுக்குப் போய்விட்டார்களாம். கடனை யார் அடைப்பது? ஒருங்கிணைப்பாளர் போனை எடுக்கவில்லை. ‘‘தீதி, அவங்க கட்டுற பணம் எங்கே போகுதுன்னு அவங்களே கேக்க மாட்டாங்களா?’’ என்று என்னிடம் கேட்டாள். அடுத்து வந்த கனடாப் பெண்ணிடம் நான் அதை அப்படியே சொன்னேன். தான் கட்டிய பணம் பள்ளிக்கும் இந்த வீட்டுக்கும்தான் போகிறது என்று அவள் நினைத்திருந்தாள். உண்மை தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. கிளம்பும்போது பஹினி கையில் தனியாகப் பணம் வைத்தாள். பஹினி வாங்க மறுத்து, நான் சொன்ன பிறகுதான் வாங்கினாள். ஒரு பெண்ணின் நல்ல மனசால் அந்த ஒரு மாதம் சரியானது. அடுத்த மாதம் பழைய கதைதான்.

இன்னொருவர் இருக்கிறார், அவரைப் பற்றி யாருமே பேசுவதில்லை. அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர். அதே ஊர்க்காரர், தாமாங். பிள்ளைகள் வீட்டில் பேசுவது தாமாங், பள்ளியில் நேபாளி. ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது மொழி. தாமாங்கிலும் நேபாளியிலும் நம் தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ என்ற வரிசையிலேயே ஆங்கில வார்த்தைகளை அடுக்குகிறார்கள். என் மாணவர்களும் இதே தவறைத்தான் செய்தார்கள். இதைப் பிள்ளையின் சொந்த மொழியில் இரண்டு நிமிடத்தில் விளக்கிச் சரிசெய்ய அந்த ஊரில் ஒருவரால்தான் முடியும். அந்த ஒருவரை வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்து, பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

2003 முதல் நேபாளத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயம். பத்தாம் வகுப்பு முடிவில் எஸ்.இ.இ. தேர்வு, 2017க்கு முன் எஸ்.எல்.சி. என்று இருந்தபோது அதை இரும்புக் கதவு என்றே சொல்வார்கள். அந்தத் தேர்வில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டால் கேள்வி கேட்கப்படுவது இந்த ஆசிரியர்தான். மூன்று வாரம் பாட்டுப் பாடிவிட்டுப் போனவர்களை யாரும் கேட்பதில்லை. அவர் உச்சரிப்பைப் பிள்ளைகள் வெளிநாட்டார் உச்சரிப்போடு ஒப்பிட்டுச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். மாலை நேரங்களில் அவர் என்னிடம் வந்து பாடப் புத்தகத்தை உரக்க வாசிப்பார், தப்பு எங்கே என்று கேட்பார். கேட்டலும் பேச்சும் எப்படி நடத்துவது என்று கேட்பார். வந்துபோன வாலண்டியர்களில் யாரிடமாவது இப்படி உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா என்றேன். ‘‘அவங்க பிள்ளைகளுக்காக வந்தவங்க மிஸ், எனக்காக வரலியே’’ என்றார். இந்தப் பதிலைக் கேட்டு எனக்கு மனம் ஆறவே இல்லை. அவர் ஒருவருக்கு ஆங்கிலம் சரளமானால் இன்னும் இருபது வருடம் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேருமே! அங்கேயே பிறந்து அங்கேயே இருக்கப்போகிறவர் அவர்தானே!

தலைமையாசிரியரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. கீழே சாலையோர ஊரில் தனியார் ஆங்கிலப் பள்ளி வந்துவிட்டது. விடுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே அதற்கு ‘போர்டிங்’ என்றே பெயர். பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. மலேசியாவிலிருந்தும் கத்தாரிலிருந்தும் பணம் வருகிற வீடுகள் முதலில் செய்வது பிள்ளையைப் போர்டிங்கில் சேர்ப்பதுதான். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை வேறொரு பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்ற பயம் தலைமையாசிரியருக்கு. வெள்ளைக்கார ஆசிரியர் நம் பள்ளியிலும் உண்டு என்று பேனரில் போட்டால் நான்கு பெற்றோராவது பிள்ளையை மாற்றத் தயங்குவார்கள் என்று கணக்குப் போடுகிறார். அந்தப் பேனரில் என் படம் இல்லை. படம் எடுக்கும்போது என்னை அன்போடு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எனக்கு அது வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆங்கிலம் நடத்த முகத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்ப்பது அந்த மலையில் தொடங்கிய வழக்கம் இல்லை. தென்கொரியாவில் ஆங்கில உரையாடல் ஆசிரியர் விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். ஆயுசு முழுக்க ஆங்கிலம் நடத்திய நம்மவருக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அரிது.

இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1968இல் மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் பேசும்போது, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் கடுமையாகச் சொன்னார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஒழுங்காகச் செய்தால் இந்த வேலைக்குப் பலன் உண்டு. அமெரிக்காவின் பீஸ் கோர் 1962இல் நேபாளத்துக்கு வந்தது. 2004இல் உள்நாட்டுப் போரால் நிறுத்தப்பட்டு, 2012இல் திரும்பி வந்தது. அதன் தொண்டர்கள் மூன்று மாதம் பயிற்சி எடுத்து, நேபாளி பேசக் கற்று, ஊர்க் குடும்பத்தோடு இருந்து, இரண்டு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள். ஜெர்மனி அரசு 2008இல் தொடங்கிய வெல்ட்வேர்ட்ஸ் திட்டத்தில் வருகிற இளைஞர்களும் குறைந்தது ஆறு மாதம் தங்க வேண்டும். செலவில் பெரும்பகுதி அரசு நிதி. இவற்றிலும் குறைகள் இருக்கும். ஆனாலும் ஒரு பருவமாவது ஒரே முகம் வகுப்பில் நிற்கும். நம் தமிழ்நாட்டில் 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது தன்னார்வலர்களாக வந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். பிள்ளை வரவில்லை என்றால் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடக் கூடியவர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒரு பருவம் தங்க முடிகிறவரை வகுப்புக்கு அனுப்புங்கள். மூன்று வாரம்தான் முடியும் என்பவரை மாலையில் ஆசிரியரோடு பேசவும் வாசிக்கவும் உட்காரவையுங்கள், வகுப்பை ஆசிரியரே நடத்தட்டும். பள்ளி எப்போது திறந்திருக்கிறது என்று பார்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கான பணத்தை வீட்டுக்காரி கையில் நேராகக் கொடுங்கள், அவள் சமையலுக்கும் கூலி போட்டுக் கொடுங்கள். நடத்தியதை எழுதிவைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இதில் எதற்கும் வெளிநாட்டு நன்கொடை தேவையில்லை, கட்டடம் தேவையில்லை.

பஹினி சில நாளைக்கு முன் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். வரும் சைத்ரத்தில் இரண்டு பேர் வருகிறார்களாம், அறையைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். அந்த வாரம் ஆண்டுத் தேர்வு. அது அலுவலகத்துக்குத் தெரியுமா என்று கேட்கச் சொன்னேன். தெரியுமாம், பிள்ளைகள் தேர்வு எழுதட்டும், வருகிறவர்கள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கட்டும் என்கிறார்களாம். அந்தச் சுவருக்கு நான் இருக்கும்போதுதான் வண்ணம் அடித்தார்கள். இருவரையும் ஜேஷ்ட மாதத்துக்கு (மே-ஜூன்) தள்ளிப்போடுங்கள், அப்போது பள்ளி நடக்கும், ஆங்கில ஆசிரியரும் இருப்பார் என்று அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. நாளைக்கு மறுபடியும் எழுதுவேன்.